அம்மன் வந்ததாகத் தீர்மானிக்கப்பட்டது

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சுயம்புவின் கண்கள் அன்று சிவந்திருந்தன என்று எழுதினேன். எழுதிய பிறகு யோசித்தேன். நான் பார்த்தேனா, பார்த்தவர்கள் சொன்னார்களா? சொன்னவர்களும் யாரோ சொல்லக் கேட்டவர்களாக இருக்கலாம். சபையின் மினிட்ஸ் நோட்டில் 'கண்கள் சிவந்திருந்தன' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிற பலவற்றை நான் பார்த்ததில்லை.

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருந்த சபைக்கு ஸ்ரீ முப்பிடாதி அம்மன் பக்த ஜன சபை என்று பெயர். தகரக் கூரை போட்ட கோயில் ஒன்றும், நாற்பத்தோரு விதிகள் அடங்கிய சட்டப் புத்தகம் ஒன்றும் அதற்கு இருந்தன. இரண்டில் சட்டப் புத்தகம்தான் மூத்தது. தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கு மாட்டுங்காவில் பலசரக்குக் கடை. உபதலைவர் நெல்லையப்பன் ஒரு சர்க்கார் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. விதிகளை எழுதியவர் அவர். செயலாளர் நான். புத்தகம் படிக்கிறவன், கையெழுத்து நன்றாக இருக்கும், வாயைத் திறக்கமாட்டான் என்ற காரணங்களுக்காக என்னை வைத்திருந்தார்கள். கடைசிக் காரணம்தான் முக்கியம். விதி பதினேழின்படி, கூட்டத்தில் பேசாமல் இருப்பவர் தீர்மானத்தை ஆதரிப்பதாகக் கொள்ளப்படும். எட்டு வருஷம் எல்லாத் தீர்மானங்களையும் நான் ஆதரித்தேன்.

ஊரில் எங்கள் அம்மன் ஒரே ஒரு குடும்பத்து ஆட்கள் மேல்தான் வருவாள். பம்பாயில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே ஆள் பூலோகம். 1962இல் கோயில் திருவிழாவான கொடையில் அவர் மேல் இறங்கிய அம்மன், பிரம்மநாயகத்தைப் பார்த்து, "தராசை நேராப் பிடிடா" என்று சொல்லிவிட்டாள். வந்தது அம்மன்தானா என்று விசாரிக்க மூவர் குழு போட்டார்கள். பூலோகம் குழுவுக்கு முன்னால் வரவில்லை. உல்லாஸ்நகரில் ஒரு தறிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மனுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷக் கொடைக்கு முன் கமிட்டி கூடியது. நெல்லையப்பன் எழுந்து பேசினார்.

"அம்மன் யார் மேல வரணும்கறது அம்மனோட இஷ்டம். அதுல சபை தலையிடாது. ஆனா அந்த யாரோ ஒருத்தர் யாருங்கறதைச் சபைதான் முடிவு பண்ணணும். இல்லேன்னா கண்டவன் மேல வருவா, கண்டதைச் சொல்லுவா. அப்புறம் அம்மனுக்கு என்ன மரியாதை இருக்கு?"

கை தட்டினார்கள். தகுதிகள் வகுக்கப்பட்டன. குடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கக் கூடாது. எதிர்த்துப் பேசிப் பழகியிருக்கக் கூடாது. அன்று சுயம்பு கூட்டத்துக்கு வந்திருந்தார். எண்ணெய் டின்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் வேலை. கோயில் தகரம் ஒழுகுகிறது, தானே வந்து அடைத்துத் தருகிறேன் என்று சொல்ல வந்து, எப்போது சொல்லலாம் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குச் சாமி வராதே அண்ணாச்சி. எங்க குடும்பத்துல ஆருக்கும் வந்ததில்லியே" என்றார் சுயம்பு.

"ஒங்க குடும்பத்துல ஆரும் பம்பாய்க்கும்தான் வந்ததில்ல. நீரு வரலியா?" என்றார் பிரம்மநாயகம்.

ஏகமனதாக நிறைவேறியது. தகரத்தைப் பற்றிச் சொல்ல சுயம்பு மறந்துவிட்டார்.

அவர் மனைவி ஆறுமுகத்தாய் இட்லி அவித்து விற்றுவந்தாள். காலை நாலு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். செய்தி சொல்ல நானும் கூடப் போயிருந்தேன். தட்டிலிருந்து இட்லியை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உம்ம மேலயா? பொண்டாட்டி நாலு தடவ கூப்பிட்டாலும் எந்திரிச்சு வரமாட்டீரு. அம்மன் கூப்பிட்ட ஒடனே போயிருவீராக்கும்?"

"நான் போக வேண்டாம்ளா. அவதான் வருவாளாம்."

"அப்ப அவ பாடு" என்று சிரித்தாள்.

ஊரில் கொடை உச்சியிலும் சாமத்திலும் நடக்கும். பம்பாயில் எல்லாருக்கும் ஷிப்ட் இருந்தது. ஆகவே விதி இருபத்துமூன்று, அம்மன் ஞாயிறு பிற்பகல் மூன்றிலிருந்து நாலுக்குள் வருவாள் என்று கூறியது. சுயம்புவுக்கு மஞ்சள் பூசி, கையில் வேப்பங்குலையைக் கொடுத்து, கோயிலுக்கு எதிரே கல் தரையில் நிறுத்தினார்கள். மேளம் முழங்கியது. மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்து ஆயிற்று. சுயம்பு பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நின்றார். நெல்லையப்பன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"வருதாவே?" என்று பிரம்மநாயகம் ரகசியமாகக் கேட்டார்.

"காலு சுடுது அண்ணாச்சி."

ஏப்ரல் மாத வெயில். சுயம்பு வலது காலைத் தூக்கினார். அதை வைத்துவிட்டு இடது காலைத் தூக்கினார். மறுபடி வலது. கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். பேராச்சி என்ற பெண், "வந்துட்டா! எங்கம்மா வந்துட்டா!" என்று அலறினாள். பக்கத்தில் நின்றவள், "ஆமா, வந்துட்டா" என்றாள். நூற்று நாற்பது பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யார் வந்தது என்று சுயம்பு வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பலைத்தான் ஜனங்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். மனுஷனால் அப்படித் திரும்ப முடியாது என்றார்கள்.

நான் எழுதினேன்: 'பிற்பகல் 3.20க்கு அம்மன் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. 3.50க்கு மலையேறினாள். வருகைக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.'

கூட்டம் கலைந்ததும் சுயம்பு தலைவரிடம் போனார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. எனக்கு ஒண்ணுமே வரல."

"வந்துச்சா வரலியாங்கது உமக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தானே அண்ணாச்சி தெரியும்?"

பிரம்மநாயகம் அவர் தோளில் கை போட்டார். "பாரும். வந்துச்சுன்னு பாத்தவங்க நூத்தி நாப்பது பேரு. வரலன்னு சொல்லுதது நீரு ஒருத்தரு. அதுலயும் நீரு ஒம்ம மொகத்தப் பாக்கவே இல்ல. ஆரு சொல்லுதத நம்ப?"

சுயம்பு வெகுநேரம் யோசித்தார். "அதுவும் செரிதான்" என்றார்.

பிறகு மாதம் ஒரு ஞாயிறு அம்மன் வந்தாள். குறி கேட்பவர்கள் கேள்வியை வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி அம்மனின் பதில்களை விவாதிக்கும். நெல்லையப்பன் வாசகங்களைத் திருத்துவார். சனிக்கிழமை சாயங்காலம் என் அறைக்குச் சுயம்பு வருவார். அவருக்குப் படிக்க வராது. நான் வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். செம்பூருக்குக் குடிபோகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு அம்மன், "மேற்படி விஷயம் என் கவனத்தில் இருக்கிறது. தகுந்த காலத்தில் ஆவன செய்வேன்" என்றாள். கேட்டவர் கண்ணீர் விட்டார்.

ஆரம்பத்தில் சுயம்பு பள்ளிப் பாடம் ஒப்பிப்பது போலத்தான் ஒப்பித்தார். ஆடி மாதம் வாசிக்கும்போதே அவர் விரல்கள் நடுங்கின. தீபாவளிக்கு முன் ஒரு சனிக்கிழமை, பாதி வாசிக்கையில் பல்லைக் கடித்து உறுமினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இப்ப வந்துச்சு அண்ணே. நெசமாவே வந்துச்சு" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை. பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் எதிரே வருபவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆறுமுகத்தாய் மட்டும், "சாமி, அந்த உப்புப் பரணிய எடும்" என்பாள்.

1964 மழைக்காலத்தில் தாராவியில் காய்ச்சல் பரவியது. கோயிலுக்கு ஆள் வருவது குறைந்தது. கமிட்டி கவலைப்பட்டது. 'நம் ஜனங்களில் எவர் வீட்டிலும் இனி காய்ச்சல் வராது' என்று அம்மன் உறுதி அளிக்க வேண்டும் எனப் பிரம்மநாயகம் பிரேரேபித்தார். ஆகஸ்டில் சுயம்புவின் வாயால் அம்மன் அதைச் சொன்னாள். குலவைச் சத்தத்தில் தகரமே அதிர்ந்தது.

பதினோராம் நாள் ஆறுமுகத்தாய்க்குக் காய்ச்சல் வந்தது.

முதல் வாரம் அவள் இட்லி அவிப்பதை நிறுத்தவில்லை. இரண்டாம் வாரம் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த வீட்டு மன்சூர் அலி, மேலப்பாளையத்துக்காரர், டாக்சி ஓட்டுபவர், வாசலில் நின்று, "மாப்ளே, இது வெசக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போவோம், நம்ம வண்டியிலயே" என்றார். சுயம்பு, கமிட்டியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

கமிட்டி நேரிலேயே வந்தது. அந்தச் சின்ன அறைக்குள் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். நெல்லையப்பன் விளக்கினார்.

"நம்ம ஜனங்களுக்குக் காய்ச்சல் வராதுன்னு அம்மன் சொல்லியாச்சு. மினிட்ஸ்ல இருக்கு. ஆக, இது காய்ச்சலா இருக்க முடியாது. இருந்தா அம்மன் பொய் சொன்னதா ஆகும். அம்மன் பொய் சொல்லமாட்டா. அதனால இது என்னங்கறதை மட்டும்தான் நாம இப்ப பார்க்கணும்."

பிரம்மநாயகம் அவள் மணிக்கட்டைத் தொட்டார். "சூடா இல்லியே" என்றார். நெல்லையப்பன் தொட்டார். "நார்மல்." அடுத்தவர் தொட்டார். "பராபர் இருக்கு." அடுத்தவர், "கொஞ்சம் குளிர்ச்சியாக்கூட இருக்கு" என்றார். ஆறுமுகத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"நான் என்ன தேங்காயா, ஒவ்வொருத்தரா வந்து தட்டிப் பாக்கீக?"

எட்டாவது ஆளாக நான் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டது போல என் விரல் பின்வாங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுயம்புவும் பார்த்தார். அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது. நான் ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. விதி பதினேழு தன் வேலையைச் செய்தது. வெளியே வந்தபோது, ஒருவேளை என் விரலில்தான் கோளாறோ என்று உண்மையாகவே யோசித்தேன். ஏழு பேர் விரலும் ஒரே சமயத்தில் கெட்டுப்போகுமா? வீடு வந்து சேர்வதற்குள் அவள் கை குளிர்ந்துதான் இருந்தது என்று எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது.

'திருமதி ஆறுமுகத்தாயின் உடலில் காணப்படும் வெப்பம் காய்ச்சல் அல்ல, அம்மனின் வெப்பம்' என்று தீர்மானம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக்கான வாசகமும் நிறைவேறியது: "எட்டு நாளில் தணியும். வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது."

சனிக்கிழமை வாசித்துக் காட்டியபோது சுயம்புவின் விரல்கள் நடுங்கவில்லை.

"இத மாத்த முடியாதாண்ணே?"

"கமிட்டி பாஸ் பண்ணியாச்சு."

"நேத்திலருந்து அவ என்னென்னமோ பேசுதா. என்னயக் கூப்பிடுதா, நான்தான்னு சொன்னா, இல்லங்கா."

நான் நோட்டை மூடினேன். அவர் எழுந்து போனார்.

ஞாயிறு மூன்று இருபதுக்கு மேளம் உச்சத்துக்குப் போனது. சுயம்பு ஆடவில்லை. வேப்பங்குலையைக் கீழே வைத்தார். பட்டறையில் பக்கத்து ஆளிடம் சுத்தியல் கேட்கிற குரலில் சொன்னார்.

"அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அது காய்ச்சல்தான். ஜல்தி கொண்டு போங்க."

மேளம் நின்றது. யாரும் குலவையிடவில்லை. நெல்லையப்பன் எழுந்தார்.

"ஆட்சேபணை! அஜெண்டாவுல இந்த வாசகம் இல்லை."

பிரம்மநாயகம் வேப்பங்குலையைக் கையில் எடுத்தார். "நீ ஆரு? சொல்லு, நீ ஆரு?"

"நான் சுயம்பு, அண்ணாச்சி."

"கேட்டேளா!" என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். "அம்மன்னா 'நான் முப்பிடாதி'ம்பா. இது என்னவோ ஒண்ணு, இவன் பேரச் சொல்லிக்கிட்டு இவனுக்குள்ள பூந்திருக்கு."

பேராச்சி, "ஆமா, அம்மன் மாதிரியே இல்ல" என்றாள். எல்லாரும் இல்லை என்றார்கள். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். வேப்பங்குலையால் முதுகில் அடித்தார்கள். எந்த ஊர்ப் பேய் என்று கேட்டார்கள். வெகுநேரம் அடித்தார்கள்.

"சொன்னா விட்டுருவீகளா?"

"விட்டுருவோம்."

"எந்த ஊருன்னு நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி."

கமிட்டி ஒதுங்கி நின்று ஆலோசித்தது. நெல்லையப்பன், "பக்கத்துல ஆண்டாப் ஹில்னு போட்டுக்கலாம். பஸ் இருக்கு" என்றார். சுயம்பு ஆண்டாப் ஹில் என்றார். பேசியது பேய்தான் என்பவர்கள் கையைத் தூக்கும்படி கேட்கப்பட்டது. எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசியில், ஈரத்தோடு நின்ற சுயம்பு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மெல்லத் தன் கையையும் தூக்கினார். நான் எழுதிக்கொண்டிருந்தேன், என் கை தேவைப்படவில்லை.

திரும்பி நடக்கும்போது, அடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

"அவுக சொல்லுதது செரிதான் அண்ணே. நீங்க வாசிச்சுத் தந்ததச் சொல்லும்போது எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா நான் பேசுத மாதிரியே இருந்துச்சு. அம்மனா இருந்தா அப்படியா இருக்கும்?"

அந்தத் தகரக் கூரைக்கு அடியில் அம்மன் ஒரே ஒரு தடவை வந்தாள் என்றால், அது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை சுயம்பு பட்டறைக்குப் போன பிறகு, ஆறுமுகத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து மன்சூர் அலியைக் கூப்பிட்டாளாம். "அண்ணே, வண்டிய எடு. ஆரும் ஓட்டுப் போடுததுக்குள்ள போயிருவோம்." வண்டி தெருவைத் தாண்டும்போது நான் கையில் புத்தகத்தோடு நின்று பார்த்தேன். அவள் தலை கதவில் சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் விஷக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்றார்கள். சேர்த்த மூன்றாம் வாரம் பிழைத்துக்கொண்டாள். சபை உடனே கூடியது. 'அம்மன் தன் அருளால் ஒரு டாக்சியை அனுப்பி, எட்டு நாளில் தணிவதாகத் தீர்மானிக்கப்பட்ட வெப்பத்தைச் சற்றுத் தாமதமாகத் தணித்தருளினாள்' என்று தீர்மானம். அவள் கைநாட்டும் வேண்டும் என்று நெல்லையப்பன் சொன்னார். மன்சூர் அலியிடம் இதைப் பற்றிச் சொன்னபோது, "என்னைய அனுப்புனது அந்த அம்மாதானா? நல்லது. அடுத்த தடவ கொஞ்சம் வெரசா அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

நானும் சுயம்புவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் தலைமுடி பாதி கொட்டியிருந்தது. சுயம்பு கொஞ்ச நேரம் அவள் காலடியில் நின்றார். பிறகு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தீர்மானத்தை வாசித்தேன். மைப்பெட்டியைத் திறந்தேன். அவள் விரலை நீட்டவில்லை. சுயம்புவைப் பார்த்துக் கேட்டாள்.

"கோயில்ல வச்சு, அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொன்னீராமே? மன்சூர் அண்ணன் சொல்லிச்சு."

"நான் சொல்லல."

"பொறவு ஆரு சொன்னா?"

சுயம்பு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"அது பேய்ளா" என்றார். "ஆண்டாப் ஹில் பேய்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ மராத்தியில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பேயைத்தான் நான் கட்டுனேன். பத்து வருசம் அதுகூடத்தான் குடும்பம் நடத்துனேன். நல்ல பேய். ஒண்ணும் பேசாது, சொன்ன வேலையச் செய்யும். இப்ப வந்திருக்கது ஆருன்னு எனக்குத் தெரியல." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது எப்பவாச்சும் திரும்பி வந்தா சொல்லி அனுப்பும்."

கைநாட்டு கிடைக்கவில்லை. மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டதாக எழுதினேன். அவள் மௌனமாக இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

1967இல் கோயிலுக்குச் சிமெண்டுக் கூரை போட்டார்கள். பிரம்மநாயகம் அண்ணாச்சி செம்பூரில் இரண்டாவது கடை திறந்தார். நெல்லையப்பன் ஓய்வு பெற்றார்; விதிகள் அறுபத்தெட்டு ஆயின. பூலோகம் உல்லாஸ்நகரிலேயே இருக்கிறார். சாமி வருவதில்லை என்று சொல்கிறார். மன்சூர் அலி டாக்சி ஓட்டுகிறார். பேராச்சி மகளிர் பிரிவின் தலைவி. நான் 1969இல் செயலாளர் பதவியை விட்டேன். உடல்நலக் குறைவு என்று எழுதிக் கொடுத்தேன், உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

சுயம்பு இப்போதும் ஆடுகிறார். சனிக்கிழமைகளில் யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. பிரம்மநாயகம் மனதில் நினைப்பது அவர் வாயில் தானாகவே வந்துவிடுகிறது.

ஆறுமுகத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தேவ்நாரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே இட்லி விற்கிறாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.